லினக்ஸ் சர்வரில் உள்நுழைவுப் பதிவுகளைச் சரிபார்த்துச் சீர்செய்தல்: நீலகிரி அலுவலகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர், குந்தா பகுதிகளில் காற்றும் மழையும் சேர்ந்து வரும்போது, மின்கம்பியின் மேல் ஒரு கற்பூர மரம் சாய்ந்தால் போதும், அந்தப் பாதையில் உள்ள தேயிலைத் தொழிற்சாலை, கூட்டுறவுச் சங்கம், பள்ளி அலுவலகம் எல்லாவற்றிலும் மின்சாரம் நின்றுவிடும். யூபிஎஸ் சிறிது நேரம் தாங்கும். பிறகு சர்வர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அணைந்துவிடும். அப்போது உள்ளே இருந்த பயனர்கள் வெளியேறியதற்கான பதிவு எழுதப்படுவதில்லை. மறுநாளோ மாதக் கடைசியிலோ யாராவது உள்நுழைவுப் பட்டியலை எடுத்துப் பார்த்து, இலைக் கணக்கு எழுதும் ஊழியர் இரவு முழுவதும் கணினியில் இருந்ததாகக் காட்டுகிறதே என்று கேட்கும்போதுதான் சிக்கல் வெளியே தெரிகிறது.

அந்தப் பட்டியலைச் சரியாகப் படிப்பது, அது எங்கே பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது, கோப்பு கெட்டிருந்தால் ஆதாரம் அழியாமல் சீர்செய்வது ஆகிய மூன்றையும் இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது. ஒருவருடைய வேலையும் நற்பெயரும் இந்தப் பதிவுகளைச் சார்ந்திருக்கக்கூடும் என்பதால், கணினிக்குத் தெரிந்ததை மட்டுமே பதிவு சொல்ல வேண்டும், தெரியாததை நாம் இட்டு நிரப்பக் கூடாது என்ற நிலைப்பாட்டை இதில் தொடக்கம் முதல் இறுதிவரை கடைப்பிடித்திருக்கிறேன். டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் வகை, சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். ஆணைகளின் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது வழக்கமான சிறிய ஆங்கில எழுத்துகளில் கொடுங்கள்.

எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது

நான்கு கோப்புகளை அறிந்திருக்க வேண்டும். முதலாவது யூடிஎம்பி. இது ரன் கோப்பகத்தில், அதாவது நினைவகத்தில் இருப்பது. இந்த நொடியில் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லும். கணினி அணைந்தால் இதுவும் போய்விடும். இரண்டாவது டபிள்யூடிஎம்பி. இது வார் கோப்பகத்தின் லாக் பகுதியில் இருக்கும் வரலாற்றுக் கோப்பு. ஒவ்வோர் உள்நுழைவும், வெளியேற்றமும், கணினியின் தொடக்கமும் நிறுத்தமும் இதன் கடைசியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்படும். மூன்றாவது பிடிஎம்பி, தோல்வியுற்ற உள்நுழைவு முயற்சிகளுக்கானது. நான்காவது லாஸ்ட்லாக், ஒவ்வொரு பயனரும் கடைசியாக எப்போது நுழைந்தார் என்பதை மட்டும் வைத்திருப்பது.

இவை உரைக் கோப்புகள் அல்ல. சம அளவுள்ள கட்டங்களாக எழுதப்பட்ட இருமக் கோப்புகள். வழக்கமான இன்டெல், ஏஎம்டி கணினிகளில் யூடிஎம்பி, டபிள்யூடிஎம்பி, பிடிஎம்பி மூன்றிலும் ஒரு பதிவின் நீளம் 384 பைட். லாஸ்ட்லாக் கோப்பில் 292 பைட். 64 பிட் ஆர்ம் செயலி உள்ள கணினிகளில் முதல் மூன்றின் பதிவு நீளம் 400 பைட்டாக மாறிவிடுகிறது. ஆகவே அலுவலக சர்வரின் கோப்பை ராஸ்பெர்ரி பை ஒன்றில் வைத்துப் படித்துவிட்டு, கோப்பே சேதம் என்று முடிவு கட்டாதீர்கள். கோப்பு நன்றாகவே இருக்கும். படிக்கும் கணினிதான் வேறு அளவுகோலில் படித்திருக்கும்.

இந்த நான்கிலும் ஏறாத நுழைவுகளும் உண்டு. எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு முறை வழியாக முனையம் திறக்காமல் ஒரே ஓர் ஆணையை மட்டும் இயக்கினாலோ, எஸ்எஃப்டிபி வழியாகக் கோப்பு எடுத்துச் சென்றாலோ அது டபிள்யூடிஎம்பியில் பதிவாகாது. குறித்த நேரத்தில் தானாக இயங்கும் கிரான் வேலைகளும் அப்படித்தான். அவற்றுக்கு டெபியன் வகையில் ஆத் லாக், ரெட் ஹாட் வகையில் செக்யூர் என்ற உரைப் பதிவுகளையும், கணினியின் சேவைகள் எழுதும் சிஸ்டம்டி ஜர்னல் என்ற பதிவையும் பார்க்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் ஒருவர் உள்ளே வரவில்லை என்று உறுதி கூற முடியாது.

முதல் வேலை நகல் எடுப்பது

எதையும் படிக்கத் தொடங்கும் முன் நகல் எடுத்துவிடுங்கள். இதை வெறும் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. மின்சாரம் நின்ற நொடியில் ஒரு பதிவு பாதி மட்டும் எழுதப்பட்டிருந்தால், கோப்பின் அளவு 384 ஆல் மீதமின்றி வகுபடாது. அந்த நிலையில் அடுத்த உள்நுழைவு நடக்கும்போது, ஜிலிப்சி என்ற லினக்ஸின் அடிப்படை நூலகம் அந்த அரைப்பதிவை வெட்டிவிட்டுத்தான் புதிய பதிவை எழுதும். அதாவது நீங்கள் பரிசோதிக்க உள்நுழையும் செயலே பழைய தடயத்தின் ஒரு துண்டை அழித்துவிடக்கூடும். விசாரணை வரக்கூடிய நிகழ்வு என்றால், கணினியை மீட்பு யூஎஸ்பி ஒன்றிலிருந்து தொடங்கி, வட்டைப் படிக்க மட்டும் என்ற முறையில் இணைத்து நகல் எடுப்பதே நல்லது. அன்றாடப் பராமரிப்புக்கு அவ்வளவு தேவையில்லை.

நகல் எடுக்க சிபி ஆணையை ஹைஃபன் ஏ தெரிவுடன் பயன்படுத்தினால் கோப்பின் நேரமுத்திரையும் உரிமையாளரும் அப்படியே வரும். டபிள்யூடிஎம்பியுடன் அதன் முந்தைய மாதக் கோப்பையும், பிடிஎம்பியையும், ஆத் லாக்கையும், ஜர்னல் கோப்பகத்தையும் சேர்த்தே எடுங்கள். பிறகு ஷா256சம் ஆணையால் ஒவ்வொன்றின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்ணையும் கணக்கிட்டு, நாள், நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றுடன் அலுவலகக் குறிப்பேட்டில் பேனாவால் எழுதி, பொறுப்பாளர் ஒருவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். இதன் பின் வரும் எல்லா வேலையும் அந்த நகலின் நகலில் மட்டுமே நடக்க வேண்டும்.

லாஸ்ட்லாக் கோப்பில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். அது பயனர் எண்ணை 292 ஆல் பெருக்கி வரும் இடத்தில் எழுதும் வெற்றிடக் கோப்பு. மைக்ரோசாஃப்டின் பயனர் மேலாண்மை அமைப்பான ஆக்டிவ் டைரக்டரியுடன் இணைத்த கணினியில் பயனர் எண்கள் நூறு கோடியைத் தொட்டால், எல்எஸ் ஆணை அந்தக் கோப்பை ஏறத்தாழ 292 ஜிபி என்று காட்டும். வட்டில் உண்மையில் பிடித்திருப்பது சில கேபி மட்டுமாக இருக்கும். டியூ ஆணை உண்மை அளவைச் சொல்லும். வெற்றிடங்களைக் கையாளத் தெரியாத காப்பு மென்பொருள் இதை அப்படியே நகலெடுத்து வெளி வட்டை நிரப்பிவிடும்.

படித்துப் பார்த்தல்

டபிள்யூடிஎம்பியைப் படித்துப் பட்டியலிடும் லாஸ்ட் ஆணையைத் தனியாகக் கொடுத்தால் ஆண்டு இல்லாமல் தேதி வரும். ஆண்டு மாறும் பழைய கோப்புகளில் அது குழப்பத்தைத் தரும். ஆகவே பெரிய எஃப் தெரிவால் முழு நேரத்தையும், எக்ஸ் தெரிவால் கணினி நிறுத்தங்களையும், சிறிய எஃப் தெரிவால் நகல் கோப்பின் பெயரையும் சேர்த்தே கொடுங்கள். விடையில் நான்கு வகை முடிவுகளைக் காண்பீர்கள். வெளியேறிய நேரம் இருந்தால் அது முறையான முடிவு. டவுன் என்றிருந்தால் கணினி முறைப்படி நிறுத்தப்பட்டபோது அந்த அமர்வு முடிந்தது. கிராஷ் என்றிருந்தால், வெளியேற்றமும் இல்லை, முறையான நிறுத்தமும் இல்லை, அடுத்து ஒரு தொடக்கப் பதிவு மட்டுமே இருக்கிறது. நோ லாக்அவுட் என்றிருந்தால் அந்த அமர்வின் செயல்முறை இப்போது இல்லை, ஆனால் முடிந்ததற்கான பதிவும் இல்லை.

இதைவிட ஆழமாகப் பார்க்க யூடிஎம்பிடம்ப் என்ற ஆணை இருக்கிறது. அது இருமப் பதிவை வரிவரியாக உரையாக்கித் தரும். ஒரு வரி இப்படி இருக்கும்:

[7] [02345] [டிஎஸ்/0] [கணக்கு2] [பிடிஎஸ்/0] [192.168.1.14] [192.168.1.14] [2024-07-18T12:22:05,123456+00:00]

முதல் எண் பதிவின் வகை. 2 என்றால் கணினி தொடக்கம், 1 என்றால் இயக்கநிலை மாற்றம், 6 என்றால் உள்நுழைவுத் திரை காத்திருக்கிறது, 7 என்றால் பயனர் உள்ளே, 8 என்றால் அந்த அமர்வு முடிந்தது. அடுத்தது செயல்முறை எண், பிறகு முனையத்தின் சுருக்கக் குறி, பயனர் பெயர், முனையம், வந்த இடம், அதன் ஐபி முகவரி, கடைசியாக நேரம். ஒரு 7 பதிவுக்கு இணையாக அதே முனையத்தில் ஒரு 8 பதிவு வந்தால் அமர்வு முழுமை பெற்றது என்று பொருள்.

நேரத்தின் முடிவில் உள்ள சுழியங்களைக் கவனியுங்கள். லாஸ்ட் ஆணை இந்திய நேரத்தில் காட்டுகிறது. இப்போதைய யூடிஎம்பிடம்ப் உலகப் பொது நேரத்தில் காட்டுகிறது. மேலே உள்ள 12:22 என்பது நம் கடிகாரத்தில் மாலை 5:52. இரண்டு ஆணைகளின் விடையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால், இல்லாத பிழையைத் தேடி ஒரு நாள் போய்விடும்.

மின்தடை விட்டுச்செல்லும் பொய்

மேலே காட்டிய பயனரையே எடுத்துக்கொள்வோம். அவர் 18 ஜூலை 2024, வியாழக்கிழமை மாலை 5:52 மணிக்கு நுழைந்தார். இரவு 7 மணி கடந்ததும் மின்சாரம் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து சர்வர் அணைந்தது. மறுநாள் காலை 8:40 மணிக்கு மின்சாரம் வந்ததும் சர்வர் மீண்டும் எழுந்தது. இப்போது லாஸ்ட் ஆணை அவருடைய அமர்வைக் கிராஷ் என்று குறித்து, கால அளவாக 14 மணி 48 நிமிடம் என்று காட்டும். மேலோட்டமாகப் பார்ப்பவர் இதை, அவர் 14 மணி நேரம் உள்ளே இருந்தார் என்றே படிப்பார். உண்மையில், அமர்வு எப்போது முடிந்தது என்று தெரியாத காரணத்தால், லாஸ்ட் ஆணை அடுத்த தொடக்கம் வரையுள்ள நேரத்தைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. அது அந்த ஊழியரின் நேரம் அல்ல. மின்தடையின் நேரமும் அதற்குள் சேர்ந்திருக்கிறது.

உண்மையான எல்லையைக் கண்டுபிடிக்க ஜர்னலைப் பாருங்கள். ஜர்னல்சிடிஎல் ஆணையில் பட்டியல் தெரிவைக் கொடுத்தால் ஒவ்வொரு தொடக்கமும் தன் முதல் வரி, கடைசி வரி நேரங்களுடன் வரும். முந்தைய தொடக்கத்தின் கடைசி வரி இரவு 7:08 என்றால், கணினி குறைந்தது அதுவரை உயிருடன் இருந்தது. அதற்குப் பின் சில நிமிடங்கள் ஓடியிருக்கலாம். ஆனால் அடிக்கடி எழுதும் சேவை ஒன்று இருந்து, அதன் அடுத்த வரி வராமல் போயிருந்தால் அந்த இடைவெளியும் குறுகிவிடும். ஜர்னல் வட்டில் நிலைத்திருக்க லாக் கோப்பகத்தின் உள்ளே ஜர்னல் என்ற கோப்பகம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஜர்னல் நினைவகத்தோடு போய்விடும். மலைப்பகுதியில் சர்வர் நிறுவும் அன்றே இதை உருவாக்கிவிடுவது நல்லது.

சிலர் இந்த இடத்தில் டபிள்யூடிஎம்பியில் 7:08 என்று ஒரு 8 வகைப் பதிவைச் சேர்த்து அமர்வை மூடிவிடுவார்கள். அதை நான் ஏற்கவில்லை. அந்த நேரத்தில் பயனர் வெளியேறினார் என்று கணினி பார்க்கவில்லை; அதற்கு முன்பே அவர் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். கிராஷ் என்ற குறி உண்மையைத்தான் சொல்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு, அமர்வின் முடிவு தெரியவில்லை, கணினி இயங்கியதற்கான கடைசிச் சான்று இரவு 7:08 என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். சம்பளக் கணக்குக்கோ ஒழுங்கு நடவடிக்கைக்கோ அதைவிடக் கூடுதலான துல்லியம் இந்தக் கோப்பிலிருந்து கிடைக்காது.

கடிகாரம் தவறினால்

மின்தடையைவிடத் தீங்கானது இதுதான். தாய்ப்பலகையில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோன கணினி, மின்சாரம் இருக்கும் வரை நேரத்தைச் சரியாகக் காட்டும். மின்சாரம் நின்று வந்தால் நேரத்தை மறந்துவிடும். பழைய கணினிகளில் இது உடனே தெரியும், ஏனென்றால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். இப்போதைய கணினிகளில் சிஸ்டம்டி டைம்சிங்க் சேவை தான் கடைசியாக அறிந்த நேரத்தை வட்டில் சேமித்து வைத்திருக்கிறது. தொடக்கத்தில் கடிகாரம் அதைவிடப் பின்தங்கியிருந்தால் சேமித்த நேரத்துக்கு நகர்த்திவிடுகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதன் விளைவாகத் தவறான நேரம் நம்பும்படியாக ஆகிவிடுகிறது. முந்தைய எடுத்துக்காட்டில் இந்தப் பேட்டரியும் தீர்ந்திருந்தால், காலை 8:40 மணிக்கு எழுந்த கணினி, தன்னை முந்தைய இரவு 7:07 மணியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். இணையம் வந்து என்டிபி என்ற நேர ஒத்திசைவு முறை வழியாக நேரம் சரியாகும் வரை எழுதப்படும் எல்லாப் பதிவுகளும் அந்த இரவு நேரத்திலேயே விழும். மின்சாரம் திரும்பிய பின்னும் இணையம் வர மணிக்கணக்கில் தாமதமாகும் இடங்கள் நம் மலையில் இருப்பதால், இந்தப் பொய்யான இடைவெளி சமவெளியைவிட இங்கே நீளமாக இருக்கும். காலையில் வந்து வேலையைத் தொடங்கிய ஊழியர், இரவில் அலுவலகத்தில் இருந்தவராகப் பதிவாகிவிடுவார்.

இதைக் கண்டுபிடிக்கும் வழிகளைச் சொல்கிறேன். யூடிஎம்பிடம்ப் விடையை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வாருங்கள். கோப்பு எழுதப்பட்ட வரிசையே உண்மையான வரிசை. நேரங்கள் அந்த வரிசையில் ஏறிக்கொண்டே போக வேண்டும். எங்காவது நேரம் பின்னால் குதித்தாலோ, ஒரே தொடக்கத்துக்குள் காரணமின்றிப் பல மணி நேரம் முன்னால் குதித்தாலோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பதிவு ஒரு தேதியையும் அதை அடுத்த உள்நுழைவு வேறொரு தேதியையும் காட்டுவதும் இதே நோயின் அறிகுறி. லாஸ்ட் ஆணையில் கால அளவு எதிர்மறையாக வந்தாலும் கடிகாரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பிழை எல்லாப் பதிவுகளிலும் துல்லியமாக ஐந்தரை மணி நேரம் என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். அதே கணினியில் விண்டோஸும் இருந்து, அது வன்பொருள் கடிகாரத்தை இந்திய நேரத்தில் வைத்திருக்க, லினக்ஸ் அதைப் பொது நேரமாகப் படித்திருக்கும். டைம்டேட்சிடிஎல் ஆணை இதை உடனே காட்டிவிடும்.

பேட்டரிப் பிழையின் அளவை எப்படிக் கணக்கிடுவது? ஜர்னலின் ஒவ்வொரு வரியிலும் கடிகார நேரத்துடன், கணினி எழுந்ததிலிருந்து கடந்த நொடிகளும் தனியாகப் பதிவாகின்றன. கடிகாரத்தை யார் திருத்தினாலும் இந்த நொடிக்கணக்கு மாறாது. ஷார்ட் மோனோடோனிக் என்ற வெளியீட்டு வடிவத்தைத் தெரிவுசெய்தால் அது தெரியும். நம் எடுத்துக்காட்டில், நேரம் ஒத்திசைந்தது என்ற வரி 412 ஆவது நொடியில் வருகிறது. அப்போது சரியான நேரம் 19 ஜூலை காலை 8:47:20. ஊழியரின் உள்நுழைவு வரி 310 ஆவது நொடியில் இருக்கிறது. டபிள்யூடிஎம்பியில் அதன் நேரம் முந்தைய இரவு 7:12:40 என்று இருக்கிறது. இரண்டு வரிகளுக்கும் இடையே 102 நொடிகள். எனவே அவர் உண்மையில் நுழைந்தது காலை 8:45:38. சாட்சியோ ஊகமோ தேவைப்படாமல், கணினியின் சொந்தப் பதிவே இதை நிறுவிவிடுகிறது.

இனி திருத்தம். யூடிஎம்பிடம்ப் விடையை ஓர் உரைக் கோப்பில் சேமித்து, அந்த ஒரு வரியின் நேரத்தை மட்டும் பொது நேரத்தில், அதாவது 19 ஜூலை 03:15:38 என்று மாற்றுங்கள். அடைப்புக்குறிகள், இடைவெளிகள், இலக்கங்களின் எண்ணிக்கை எதுவும் மாறக் கூடாது. ஓர் இடம் நகர்ந்தாலும் திரும்ப இருமமாக்கும்போது அந்த வரி குலைந்துவிடும். பிறகு அதே ஆணையை ஆர் தெரிவுடன் இயக்கி உரையை மீண்டும் இருமக் கோப்பாக்குங்கள். வெளியீட்டுக்கு டபிள்யூடிஎம்பி திருத்தப்படி என்பது போன்ற தனிப்பெயர் கொடுங்கள். அறிக்கை எடுக்க வேண்டியபோது லாஸ்ட் ஆணைக்கு அந்தத் திருத்தப்படியைக் காட்டுங்கள். மூலக் கோப்பை அதன் தவறோடு அப்படியே விட்டுவிடுங்கள். எந்த வரி, எதிலிருந்து எதற்கு, எந்தக் கணக்கின்படி மாற்றப்பட்டது என்பது குறிப்பேட்டில் இருக்க வேண்டும். பழைய சிஸ்டம் ஃபைவ் மரபில் வந்த சோலாரிஸ், ஏஐஎக்ஸ் கணினிகளில் இதே வேலைக்கு எஃப்டபிள்யூடிஎம்பி, டபிள்யூடிஎம்பிஃபிக்ஸ் என்ற கருவிகள் உண்டு. அவை கோப்பில் எழுதப்பட்ட பழைய நேரம், புதிய நேரம் என்ற இரட்டைப் பதிவை நம்பித் திருத்துபவை. டைம்சிங்க் சேவை அந்த இரட்டைப் பதிவை எழுதுவதில்லை என்பதால் லினக்ஸில் நொடிக்கணக்கு முறையே நம்பகமானது.

கோப்பே சேதமடைந்திருந்தால்

ஸ்டேட் ஆணையால் டபிள்யூடிஎம்பியின் அளவைப் பார்த்து 384 ஆல் வகுத்துப் பாருங்கள். 464800 பைட் என்றால் 1210 முழுப் பதிவுகளும் 160 பைட் மீதமும் வரும். மீதம் கோப்பின் கடைசியில்தான் இருக்கிறது என்று யூடிஎம்பிடம்ப் விடையால் உறுதியானால், டிடி ஆணைக்குத் துண்டளவு 384 என்றும் எண்ணிக்கை 1210 என்றும் கொடுத்து நல்ல பகுதியைத் தனிக் கோப்பாக எடுக்கலாம். வெட்டப்பட்ட 160 பைட்டையும் தனியாகச் சேமியுங்கள். அதில் பயனர் பெயர் இருக்க வாய்ப்புண்டு, ஏனென்றால் பெயர் பதிவின் முதல் 76 பைட்டுக்குள் முடிந்துவிடுகிறது.

அணைந்து எழுந்த வட்டுகளில் நான் மிகுதியாகக் காண்பது வேறு: கோப்பின் ஒரு பகுதி முழுவதும் சுழியங்களாக நிரம்பியிருப்பது. கோப்பின் நீளம் கூடியிருக்கும், உள்ளடக்கம் வட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. யூடிஎம்பிடம்ப் விடையில் வகை 0, செயல்முறை எண் 0, நேரம் 1970 ஜனவரி 1 என்று வரிசையாக வரும். அந்த வரிகளை உரைப் படியிலிருந்து முழுமையாக நீக்கலாம். ஆனால் அங்கே எத்தனை பதிவுகள் தொலைந்தன என்ற எண்ணிக்கையை எழுதி வையுங்கள். நடுவே பொருந்தாத வகை எண்களும், பெயர்களில் கேள்விக்குறிகளும் தொடர்ந்து வந்தால், பதிவுகளின் எல்லை இடம்பெயர்ந்திருக்கிறது என்று பொருள். எக்ஸ்எக்ஸ்டி போன்ற பதினாறடிமான ஆணையில் கோப்பைத் திறந்து, பிடிஎஸ் என்ற முனையப் பெயர் வரும் இடத்தைத் தேடுங்கள். அது ஒவ்வொரு பதிவின் 8 ஆவது பைட்டில் தொடங்கும். அங்கிருந்து எட்டைக் கழித்தால் எல்லை மீண்டும் சரியாகும் இடம் கிடைக்கும். முன்பகுதி, பின்பகுதி இரண்டையும் தனித்தனியாக வெட்டி இணைக்கலாம்.

உரையாக்கித் திரும்ப இருமமாக்கும் வழியில் ஓர் இழப்பு உண்டு. அமர்வு எண்ணும் வெளியேற்ற நிலைக் குறியீடும் உரை வடிவில் வராததால் திரும்பும்போது அவை சுழியமாகிவிடும். லாஸ்ட் ஆணையின் விடையை அது மாற்றாது. எனினும் மூலமும் திருத்தப்படியும் பைட்டுக்குப் பைட் ஒத்திருக்காது; ஆகவே இரண்டையும் யூடிஎம்பிடம்ப் கொண்டு மீண்டும் உரையாக்கி, டிஃப் ஆணையால் ஒப்பிட்டு, நாம் மாற்றிய வரிகள் மட்டுமே வேறுபடுகின்றன என்று உறுதிசெய்யுங்கள்.

நடப்புக் கோப்பை மாற்றிவைப்பது லாஸ்ட் ஆணை அதைப் படிக்கவே முடியாத நிலையில் மட்டுமே செய்ய வேண்டியது. நகல் எடுத்த பின் சேர்ந்த புதிய பதிவுகளை, பழைய அளவுக்கு அடுத்த பைட்டிலிருந்து டெயில் ஆணையால் எடுத்துச் சீர்செய்த கோப்பின் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அரைப்பதிவு வெட்டப்பட்டிருந்தால் அந்தப் பழைய அளவை 384 இன் முழு மடங்காகக் குறைத்துக் கணக்கிட வேண்டும். வைத்தபின் உரிமையாளர் ரூட், குழு யூடிஎம்பி, அனுமதி 664 என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு இயங்கும் கணினியில் ரெஸ்டோர்கான் ஆணையையும் இயக்குங்கள். கோப்பையே யாராவது அழித்துவிட்டிருந்தால் உள்நுழைவு நிரல்கள் அதைத் தாமாக உருவாக்குவதில்லை. பதிவு சத்தமின்றி நின்றுபோய்விடும். டச் ஆணையால் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கி இதே அனுமதிகளைக் கொடுத்தால் பதிவு மீண்டும் தொடங்கும்.

நடப்பு அமர்வுகளும் தோல்விப் பதிவுகளும்

ஹூ ஆணையில் யூ தெரிவு கொடுத்தால் ஒவ்வொரு அமர்வின் செயல்முறை எண்ணும் வரும். அந்த எண் பிஎஸ் ஆணையில் இல்லை என்றால் அது ஆளில்லா அமர்வு. யூடிஎம்பியைத் திருத்த முயலாதீர்கள். லாகின்சிடிஎல் ஆணையால் அமர்வுகளைப் பட்டியலிட்டு, தேவையற்றதை முடித்துவிட்டால் போதும்.

பிடிஎம்பியைக் கையாளும்போது ஒரு மனிதப் பழக்கத்தை நினைவில் வையுங்கள். அவசரத்தில் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அந்தக் கடவுச்சொல் பிடிஎம்பியில் பயனர் பெயராக அப்படியே கிடக்கும். எனவே அந்தக் கோப்பின் அனுமதி 600 அல்லது 660 என்ற அளவைத் தாண்டக் கூடாது. அதன் விடையை அச்சிட்டுச் சுற்றுக்கு விடவும் கூடாது. எஸ்எஸ்எச் வாயில் இணையத்துக்குத் திறந்திருந்தால் இந்தக் கோப்பு நூற்றுக்கணக்கான எம்பி வரை வீங்கும். அப்போது கோப்பைச் சுருக்குவதற்கு முன் வாயிலை மூடுங்கள்.

புதிய பதிப்புகளில் மாறியவை

இன்டெல் வகைக் கணினிகளில் இந்தப் பழைய கோப்புகள் நேரத்தை 32 பிட் எண்ணாக வைத்திருக்கின்றன. அது 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8:44:07 மணியுடன் நிரம்பிவிடும். இதற்கு மாற்றாக எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதும் டபிள்யூடிஎம்பிடிபி, லாஸ்ட்லாக்2 ஆகியவை வந்திருக்கின்றன. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 இல் லாஸ்ட், லாஸ்ட்பி, லாஸ்ட்லாக் ஆணைகள் பழைய தொகுப்புகளில் இல்லை. தேவையான புதிய தொகுப்புகளை நாமே நிறுவிக்கொள்ள வேண்டும். மேம்படுத்தும் முன் பழைய டபிள்யூடிஎம்பியை யூடிஎம்பிடம்ப் வழியாக உரையாக்கி வைத்துவிடுங்கள். புதிய தரவுத்தளத்தைச் சரிபார்க்க 384 கணக்கு உதவாது. நகல் எடுத்து, எஸ்க்யூலைட் கருவியில் இன்டெக்ரிட்டி செக் கட்டளை கொடுத்தால் ஓகே என்ற விடை வர வேண்டும். கடிகாரப் பிழை பற்றி மேலே சொன்னவை இங்கும் அப்படியே பொருந்தும், ஏனென்றால் தவறான நேரத்தைத் தரவுத்தளமும் தவறாகவே வாங்கிக்கொள்கிறது.

காப்பும் கால அளவும்

பல லினக்ஸ் பதிப்புகளில் லாக்ரொடேட் அமைப்பு டபிள்யூடிஎம்பியை மாதம் ஒருமுறை சுழற்றி, ஒரே ஒரு பழைய கோப்பை மட்டும் வைத்திருக்கும். அதாவது இரண்டு மாதத்துக்கு முந்தைய உள்நுழைவு எதுவும் மிஞ்சாது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறைகள், நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் கணினிப் பதிவுகளை 180 நாள்களுக்கு இந்திய எல்லைக்குள் பாதுகாக்க வேண்டும் என்றும், தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவையகங்களுடனோ அவற்றைச் சார்ந்த சேவையகங்களுடனோ கடிகாரத்தை ஒத்திசைக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. ஆகவே லாக்ரொடேட் அமைப்புக் கோப்பில் டபிள்யூடிஎம்பி, பிடிஎம்பி இரண்டுக்கும் ரொடேட் எண்ணை 7 என்று மாற்றுங்கள். டபிள்யூடிஎம்பிடிபி பயன்படுத்துபவர்கள் அதன் சுழற்சிச் சேவைக்குக் கொடுத்திருக்கும் நாள் எண்ணிக்கையைப் பார்த்து 180க்குக் குறையாமல் வையுங்கள்.

வன்பொருள் பக்கம் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, மே மாதத்திலேயே தாய்ப்பலகைப் பேட்டரியை மாற்றி, சர்வரை மின்னிணைப்பிலிருந்து முழுவதும் துண்டித்துச் சில மணி நேரம் கழித்து இயக்கி, இணையக் கம்பியைச் செருகும் முன் எச்டபிள்யூக்ளாக் ஆணையால் நேரத்தைச் சரிபார்ப்பது. இரண்டு, யூபிஎஸ்ஸை யூஎஸ்பி வழியாகச் சர்வருடன் இணைத்து, நட் என்ற மென்பொருளை நிறுவி, பேட்டரி குறையும்போது சர்வர் முறையாக நின்றுகொள்ளும்படி அமைப்பது. அமைத்த பின் ஒரு மாலையில், எல்லோரும் வேலை முடித்த பிறகு, ஒரு சோதனை அமர்வைத் திறந்துவைத்து, யூபிஎஸ்ஸின் சுவர் இணைப்பைப் பிடுங்கிப் பாருங்கள். மறுநாள் லாஸ்ட் ஆணையின் விடையில், அந்தச் சோதனை அமர்வுக்கு எதிரே கிராஷ் என்ற குறிக்குப் பதிலாக டவுன் என்று வந்திருந்தால் அமைப்பு வேலை செய்கிறது.